முலாம் காப்பி

வெனான்சியோ ரெசெண்டஸுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று காப்பி, மற்றொன்று வெறும் வயிறு. இரண்டையும் ஒரே காலையில் சேர்த்து அனுபவிக்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று அவர் மனைவி லியோனோர் சொல்வாள்.

கிழக்கு பிராவிடன்ஸில் நாங்கள் ஒரே மர வீட்டில் குடியிருக்கிறோம். நடுத்தளம் அவர்களுடையது, கீழ்த்தளம் என்னுடையது. பின்பக்க மாடிப்படி என் சமையலறைச் சுவரை ஒட்டி இறங்குகிறது. அவர் எப்போது வெளியே போகிறார், எப்போது திரும்புகிறார், எந்தப் படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் நான் கவனிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

பிறந்த தீவிலிருந்து கடல் தாண்டி வந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இங்கே நகைப் பட்டறைகளில்தான் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் கவரிங் நகை. வெனான்சியோ ஒரு முலாம் பட்டறையில் முப்பத்தொரு வருடம் தொட்டி பார்த்தார். கம்பியில் கோத்த பித்தளைத் தோடுகளைத் தங்கக் கரைசலுக்குள் இறக்கி, எத்தனை விநாடியில் தூக்க வேண்டும் என்பதை அவர் கடிகாரம் பார்க்காமல் செய்வார். அதை யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கழித்துப் போட்ட நகைகளை மதிய உணவு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அரத்தால் ராவிப் பார்ப்பார், இடுக்கியால் வெட்டிப் பார்ப்பார், துணியால் ஆயிரம் தடவை தேய்த்து எங்கே பித்தளை எட்டிப் பார்க்கிறது என்று குறித்து வைப்பார். பிறகு ஓர் உரைகல்லும் மூன்று சின்னப் புட்டிகளில் திராவகமும் வாங்கினார். அப்படியே சுத்தத் தங்கத்தின் மாற்றுப் பார்க்கவும் பழகிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் அவர் மேசைக்கு முன்னால் நான்கைந்து பெண்களாவது நிற்பார்கள். கைக்குட்டையில் முடிந்த மோதிரம், அம்மா வைத்துவிட்டுப் போன சிலுவை, மருமகள் கொடுத்த வளையல். அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொள்வார். முதலில் உரசுகிற இடத்தைப் பார்ப்பார். அடுத்து, எங்காவது உடைந்திருந்தால் உடைந்த வாயில் உள்ளே என்ன நிறம் என்று பார்ப்பார். அப்புறம் கல், திராவகம். எல்லாம் முடிந்த பிறகுதான் முத்திரையைப் படிப்பார்.

"முத்திரையை ஏன் கடைசியில பாக்கறீங்க?" என்று யாராவது கேட்டால், "குத்தறவன் சம்பளத்துக்குக் குத்தறான்" என்பார்.

"சம்பளத்துக்குக் குத்தினவ இங்கதான் உக்காந்திருக்கேன் அண்ணே" என்று நான் பக்கத்து மேசையிலிருந்து சொல்வேன். பதினெட்டு வருடம் நான் பார்த்தது அந்த வேலைதான். கொக்கி, வளையம் முதலிய உதிரிப் பாகங்கள் செய்யும் பட்டறையில் முத்திரை குத்தினேன்.

"உன்னை நம்பறேன் ஃபிலோ. உன் முதலாளியைத்தான் நம்பல" என்பார்.

அவர் பொய் என்று சொன்னால் பொய்தான், தங்கம் என்று சொன்னால் தங்கம்தான். யாரும் வேறொரு கடையில் போய்க் கேட்டதில்லை. அவருக்கு அது மிகப் பிடித்திருந்தது. ஆள் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் பூசை முடிகிற நேரத்தில் கோட்டுப் பையைத் தொட்டு லென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

வயிற்றுப் புண் அவருக்குத் தொட்டி வேலையில் இருந்தபோதே வந்தது. காப்பியை விடச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். லியோனோர் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அன்று முதல் வறுத்த பார்லித் தூளைக் கொதிக்க வைத்துப் பால் ஊற்றிக் கொடுக்கிறாள். நிறம் காப்பிதான், கிண்ணமும் காப்பிக் கிண்ணம்தான்.

"இது முலாம் காப்பி. மேல பழுப்பு, உள்ள ஒண்ணுமில்ல" என்று வெனான்சியோ சொல்வார்.

"முலாம் பூசித்தானே முப்பது வருஷம் சோறு தின்ன. வாய மூடிக்கிட்டுக் குடி மனுஷா" என்பாள் லியோனோர்.

குடிப்பார். குடித்துவிட்டு, பின்தோட்டத்தில் கீரை பறிக்கப் போவதாகச் சொல்லிப் படியிறங்குவார். தோட்ட வேலியில் ஒரு பலகை கழன்றிருக்கும். அந்தப் பக்கம் ஒடீலியாவின் வீடு.

ஒடீலியாவின் மகளுக்கு ஞானத் தகப்பன் வெனான்சியோ. அந்த உறவில் அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார். எங்களிடையே ரத்த உறவுக்குக் கொஞ்சம் மேலே வைக்கிற உறவு அது. அவள் கணவன் செராஃபிம் கொத்தனார். இந்தத் தெருவின் பாதிச் சுவர்கள் அவன் எழுப்பியவை. அவன் இறந்து இரண்டு வருடமாகியும், அவனுடைய தூக்குக்குண்டு நூலோடு அவள் சமையலறைக் கதவின் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் போடும் காப்பி தனி வகை. கரகரப்பாக அரைத்த தூளை முதல் நாளே ஒரு கண்ணாடிச் சாடியில் பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பாள். அதில் புளிப்பை அடக்க, நொறுக்கிய முட்டை ஓடு ஒரு சிட்டிகை. காலையில் துணியில் வடிகட்டி, கொதிக்க விடாமல் சூடு மட்டும் காட்டி, சரிபாதி பால் சேர்ப்பாள். முதலில் ஒரு துண்டு சோள ரொட்டியைத் தின்றால்தான் கிண்ணத்தை இந்தப் பக்கம் நகர்த்துவாள். அப்படி ஒரு கிண்ணம் குடித்தால் வெனான்சியோவின் வயிறு பேசாது. இரண்டாவது கிண்ணத்துக்குப் பேசும்.

2009ஆம் வருடம் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

"வேணாம் கொம்பாத்ரே. அப்புறம் அவதிப்படுவீங்க."

"முதல் கிண்ணம் வயித்துக்கு கொமாத்ரே. ரெண்டாவதுதான் எனக்கு."

அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே போய் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்தாள். செராஃபிம் இருபத்தைந்து வருடம் முன்பு, 1984இல், அவளுக்கு வாங்கிக் கொடுத்தது. குளிக்கும்போதும் கழற்றாமல் போட்டிருந்தாள். அந்த வாரம்தான் கொக்கியை மாட்டும் வளையம் அறுந்துபோயிருந்தது. மகளின் ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தால் அந்தச் சங்கிலியை ஆண்டவர் சொரூபத்துக்குப் போடுவதாக அவள் நேர்ச்சை வைத்திருந்தாள். மகள் பிழைத்துவிட்டாள். ஜூன் மாதம் பக்கத்து ஊர் ஃபால் ரிவரில் ஆண்டவர் திருநாள். அறுந்த சங்கிலியை ஆண்டவருக்குப் போட முடியாதே, அதனால் சரிசெய்து தரச் சொன்னாள்.

வெனான்சியோவின் வயிறு அதற்குள் எரியத் தொடங்கியிருந்தது. கீரை பறிக்க வந்தவரிடம் லென்ஸ் இல்லை, அது கோட்டுப் பையில் இருந்தது. சங்கிலியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கையை நீட்டிக் கண்ணைச் சுருக்கினார். கொக்கியின் மேல் பதினாலு என்று இருந்தது. பக்கத்தில் காரட்டுக்கு ஒரு கே. அதற்குப் பக்கத்தில் பி.

முப்பத்தொரு வருடம் அவர் கையில் வந்துபோன முத்திரைகளில் பி என்று எங்கே வந்தாலும் அதற்கு ஒரே பொருள்தான்.

"முலாம், கொமாத்ரே."

அவள் விரல் கழுத்தில் சங்கிலி இருந்த இடத்துக்குப் போயிற்று.

"கடைக்காரன் ஏமாத்தியிருப்பான். பாவம் செராஃபிம், அவனுக்கென்ன தெரியும்" என்றார். பிறகு ஆறுதலாக, "ஆனா நல்ல முலாம். இருபத்தஞ்சு வருஷம் தாங்கியிருக்கே" என்றார்.

சங்கிலியை மேசையில் வைத்துவிட்டு, கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியேறினார். அன்று நான்காவது படியில் வெகுநேரம் நின்றார். நான் கதவைத் திறந்து பால் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிற்பாடு இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது, வேறெதையும்விட அந்த ஆறுதல் வார்த்தையைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் தோலில் உரசுகிற சங்கிலியில் எந்த முலாமும் இருபத்தைந்து வருடம் தாங்காது. பட்டறையில் அதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர். உரசுகிற இடத்தில் பித்தளை தெரியவில்லை. அறுந்த வளையத்தின் வாய் அவர் கட்டைவிரலுக்கடியில் திறந்தே இருந்தது, உள்ளும் புறமும் ஒரே மஞ்சளாக. விரலைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும்.

ஜூன் திருநாளுக்கு மறுநாள் அவர் வேலிப் பலகையைத் தள்ளிக்கொண்டு போனபோது, கிண்ணத்தை நகர்த்திய ஒடீலியாவின் கையில் கல்யாண மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடத்தில் தோல் வெளுத்து, மாவு ஒட்டியதுபோல் தெரிந்தது.

"மோதிரம் எங்க கொமாத்ரே?"

"ஆண்டவருக்குப் போட்டுட்டேன்."

"கல்யாண மோதிரத்தையா?"

"பொன்னு போடறேன்னு நேர்ச்சை வச்சேன். பித்தளையக் கொண்டுபோய் அவர் கழுத்துல போடச் சொல்றீங்களா? வீட்ல நிச்சயமாப் பொன்னுன்னு தெரிஞ்சது அது ஒண்ணுதான். தீவுல எங்கப்பா செஞ்சு போட்டது." அவள் ரொட்டியை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "சங்கிலி பொத்தான் டப்பாவுல கெடக்கு. பேத்தி விளையாடட்டும்."

அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆண்டவருக்குப் பொய்ப் பொன் போகாமல் காப்பாற்றினோம் என்று கொஞ்சம் நிம்மதியும் இருந்ததாம். அந்த நிம்மதியை என்னிடம் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார்.

ஆகஸ்டில் ஆவியானவர் திருநாளுக்குக் கோயில் கூடத்தில் இருநூறு பேருக்குச் சமையல். பெரிய அண்டாக்களில் மாட்டிறைச்சிச் சாறு கொதிக்க, நாங்கள் பத்துப் பேர் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தோம். பேச்சு பழைய பட்டறைகளின் பக்கம் போயிற்று. எங்கள் பட்டறையில் எந்த முத்திரை அச்சு சீக்கிரம் தேயும் என்று யாரோ கேட்டார்கள்.

"பி தான். கொக்கிக்கெல்லாம் அதத்தான் குத்துவோம். மாசத்துக்கு ஒண்ணு மாத்துவோம்" என்றேன்.

"உங்க பட்டறையில முலாமும் உண்டா?" என்றார் வெனான்சியோ.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால், பத்துப் பேர் நடுவில் அப்படிச் சிரித்திருக்க வேண்டாம். "அண்ணே, நீங்களா இதக் கேக்கறீங்க? முலாம்னா பி-க்கு முன்னால ஜீ வரும், இல்ல ஆர்-ஜீ வரும். பதினாலு கே-க்குப் பின்னால தனியா பி வந்தா அது பிளம். முன்னெல்லாம் பதினாலுன்னு குத்திட்டுப் பதிமூணரை வித்தாங்கல்ல? சட்டம் இறுகினதும், எங்க சரக்கு அரைப்புள்ளி குறையாதுன்னு காட்ட அந்த எழுத்தப் போட்டாங்க. பிளம்னா இங்கிலீஷ்ல கொத்தனார் தூக்குக்குண்டு. அது மாதிரி நேருக்கு நேர்."

"வெனான்சியோவுக்கே பாடம் எடுக்கறா பாரு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். சாறு ஊற்றும் நேரத்தில் ஆளைக் காணோம்.

மறுநாளிலிருந்து வேலிப் பலகை அசையவில்லை. கீரை முற்றிப் பூ விட்டது.

லியோனோர் முதலில் மகிழ்ந்தாள். ஆனால் காப்பியை விட்டும் எரிச்சல் நிற்கவில்லை, கூடிற்று. ரொட்டி எரிந்தது, கஞ்சி எரிந்தது, பார்லியும் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பூசைக்குப் போனார். கைக்குட்டை முடிச்சுகளோடு வந்த பெண்களிடம் கண் சரியில்லை என்றார். செப்டம்பரில் ஒரு நாள் நான் துவைத்த துணிகளை மடித்தபடி அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, லியோனோர் அவர் தள்ளிவைத்த தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏ மனுஷா, கோழி திருடினவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கியே, என்ன பண்ணித் தொலைச்ச?"

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு, "காப்பி குடிச்சேன்" என்றார்.

"எங்க?"

"ஒடீலியா வீட்ல. தினமும். ரெண்டு வருஷமா."

நிஜமாகவே பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவரைப்போல் தலையைக் குனிந்துகொண்டார். லியோனோர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"இதுக்கா இந்த அழுகை? கீரை பறிக்கப் போறவன் சட்டையில காப்பி வாசனையோட வந்தா பொண்டாட்டிக்குத் தெரியாதா? நாந்தான் ஒடீலியாகிட்ட முட்டை ஓடு போடச் சொன்னேன். ரொட்டி தின்ன வச்சுட்டுக் குடுன்னு சொன்னதும் நாந்தான். எப்படியும் குடிக்கப் போற, வயிறு வேகாமக் குடிக்கட்டும்னு விட்டேன். ஒரு கிண்ணம்தான்னு பேச்சு. ஏப்ரல்ல ரெண்டு குடிச்சியாமே, அதுவும் தெரியும்."

அவர் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடமும் அன்றோடு போயிற்று. சின்னக் குற்றத்தை முன்னால் நிறுத்திப் பெரியதை மறைக்கலாம் என்று பார்த்தார், சின்னது குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது. அவள் சிரிக்கச் சிரிக்க அவர் முகம் இன்னும் இறுகியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஆனால் மேலே எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் பதினொன்று செராஃபிம் இறந்த நாள். போன வருடம் ஒடீலியா பூசை வைத்து, வந்த எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி கொடுத்தாள். இந்த வருடம் அந்த நாள் சும்மா கடந்துபோனது. அடுத்த ஞாயிறு லியோனோர் கோயிலிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். கல்லறைத் திருநாளில் வாசிக்கிற இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல், சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள்.

"செராஃபிம் பேரு இல்ல. மறந்துட்டாளோன்னு கேட்டேன். 'மறக்கல, குடுக்கல'ங்கறா. என்ன கோபமோ செத்தவன்மேல. வர்ற ஞாயிறோட பட்டியல மூடிருவாங்க."

அன்று மாலை வெனான்சியோ படியிறங்கி என் கதவைத் தட்டினார். உள்ளே வந்து, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது கிண்ணம், கைக்கடியில் இருந்த அறுந்த வாய், வெளுத்த விரல்.

"மோதிரம் போனது போச்சு. திருநாள் கமிட்டியில விசாரிச்சேன், வந்த பொன்ன எல்லாம் உருக்கிட்டாங்களாம். அதுகூட நான் தாங்கிக்குவேன் ஃபிலோ. செத்தவன் பேர அடிக்க வச்சுட்டேனே. அவன் பொய்ப் பொன்னக் குடுத்தான்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. அவன் வந்து இல்லன்னு சொல்ல முடியுமா?"

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்க."

"ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கணும். பலகை வரைக்கும் மூணு தடவ போனேன். சொன்னா அப்புறம் என் பேச்ச யாரு நம்புவாங்க? அந்த மேசைய விட்டா வேற எனக்கு என்ன இருக்கு?" கதவுப் பக்கம் திரும்பி, "நீயும் வா. நான் பாதியில திரும்பிடாம இருக்க" என்றார்.

மறுநாள் காலை போனோம். வேலி வழியாக இல்லை, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக. அவர் கோட்டுப் போட்டிருந்தார்.

ஒடீலியா கதவைத் திறந்து, "என்ன கொம்பாத்ரே, கீரை முன்வாசல்லயா முளைக்குது?" என்றாள். அடுப்பில் பால் இருந்தது. காப்பி எடுக்கப் போனாள்.

"இப்ப வேணாம். சங்கிலிய எடுத்துட்டு வாங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். பொத்தான்களுக்கு நடுவிலிருந்து சங்கிலியைப் பிரித்தெடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உரைகல்லை வைத்தார். அறுந்த வளையத்தின் முனையால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தம் வீட்டுப் பித்தளைச் சாவியால் இன்னொரு கோடு. இரண்டும் பார்க்க ஒரே மஞ்சள். பதினாலு காரட்டுக்கான திராவகத்தை இரண்டின் குறுக்காகவும் தடவினார். சாவியின் கோடு பச்சையாக நுரைத்து மறைந்தது. சங்கிலியின் கோடு அப்படியே இருந்தது. அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அது அப்படியேதான் இருந்தது.

"இது பொன்னு கொமாத்ரே. அரைப்புள்ளி குறையாத பதினாலு. அன்னிக்கு நான் பாக்காமச் சொன்னேன். லென்ஸ் இல்ல, கல்லு இல்ல, வயிறு எரிஞ்சுது, வீட்டுக்கு ஓடணும்னு இருந்தேன். பி-யப் படிச்சுட்டு வாயில வந்ததச் சொன்னேன். ஆகஸ்ட்ல தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் சொல்லாம இருந்தேன்."

ஒடீலியா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பி-ன்னா என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

சொன்னேன். தூக்குக்குண்டு என்ற சொல் வந்ததும் அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தீவில் நாங்கள் பேசிய மொழியிலும் அந்தக் குண்டின் பெயர் பி-யில்தான் தொடங்கும்.

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு, 'பாத்தியா, இதுல என் எழுத்து இருக்கு'ன்னாரு" என்றாள் மெதுவாக. "உங்க எழுத்து எஸ்ஸாச்சே, இதெங்க இருந்து வந்துதுன்னு கேட்டேன். சிரிச்சாரு. குடிச்சிருக்காருன்னு விட்டுட்டேன். ஏப்ரல்ல நீங்க சொன்னதும்தான் அது ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்சேதான் குடுத்திருக்காரு, என் எழுத்துன்னு கேலி வேற பண்ணியிருக்காருன்னு நினைச்சேன். ஆறு மாசமா அவர் போட்டோகிட்ட ஒரு வார்த்தை பேசல."

வெனான்சியோ திராவகப் புட்டியின் மூடியைத் திருகினார். 

"மோதிரம் நான் குடுத்தது. அதுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆண்டவருக்குக் குடுத்தது குடுத்ததுதான்" என்றாள். "ஆனா ஏப்ரல்ல சொன்னது தப்பு. ஆகஸ்ட்ல சொல்லாதது வேற. அது தப்பில்ல கொம்பாத்ரே, அதுக்கு வேற பேரு."

"தெரியும்."

"ரிப்பேர் சாமான் இருக்கா?"

இருந்தது. அதே மேசையில் வளையத்தை நெருக்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். வேலை சுத்தமாக இருந்தது. அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஜூன் வரைக்கும் போட்டுக்கறேன்."

"ஜூன் வரைக்கும் என்ன?"

"நேர்ச்சை சங்கிலிக்குத்தானே? மோதிரத்துக்கு இல்லையே. சொன்னதச் செய்யணும்ல."

"அதான் மோதிரத்தப் போட்டாச்சே கொமாத்ரே" என்று அவர் சொன்ன குரல் கெஞ்சல்.

"நான் பாக்காமச் சொல்றவ இல்ல" என்றாள்.

அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கோயில் வரை அவரும் நானும் நடந்தே போய் செராஃபிமின் பெயரைப் பட்டியலில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு அவர் கோட்டோடு போய் மேசையில் உட்கார்ந்து, முடிச்சோடு வந்த முதல் பெண்ணிடம், "வேற ஒருத்தர்கிட்டயும் காட்டுங்க. நான் ஒடீலியா சங்கிலிய முலாம்னு சொன்னவன்" என்றார். அன்று முதல் வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் லென்ஸை எடுக்கிறார். கூட்டம் குறைந்துவிட்டது. சிலர் வருகிறார்கள்.

கல்லறைத் திருநாளில் செராஃபிமின் பெயரை வாசித்தார்கள். மறுநாள் காலை ஒடீலியா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கொம்பாத்ரே, கீரை வீணாப் போகுது" என்று கூப்பிட்டாள். அவர் கோட்டின்றி ஓடினார். சமையலறையில் காப்பி மணம். சோள ரொட்டி நறுக்கி வைத்திருந்தாள். அவர் தின்றார். அவள் சாடியிலிருந்து வடித்துத் தனக்கொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். பிறகு வேறொரு பாத்திரத்திலிருந்து அவருக்கு ஊற்றினாள். அடுப்புப் பக்கத்தில் லியோனோர் வீட்டுப் பார்லி டப்பா இருந்தது.

"குடிக்காமப் பாத்தே சொல்லுங்களேன், என்னன்னு" என்றாள்.

அவர் குடித்தார்.

"ஒரு சொட்டு எரியல ஃபிலோ. அதுதான் எரிச்சல்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் சங்கிலி ஆண்டவர் கழுத்துக்குப் போனது. பவனியில் வெனான்சியோ செருப்பில்லாமல் நடந்தார். ஒடீலியா அவருக்கு முன்வரிசையில், கழுத்திலும் விரலிலும் எதுவுமில்லாமல் நடந்தாள். அதற்கப்புறம் நான்கு ஜூன் ஆகிவிட்டது. தினமும் காலையில் பலகை அசைகிறது, அவர் போகிறார், ரொட்டியைத் தின்கிறார், எதிரில் அவள் காப்பி குடிக்கத் தாம் பார்லி குடித்துவிட்டு வருகிறார். போன மாதம் ஒடீலியாவிடம் நானே கேட்டேன், போதுமே, ஒரு கிண்ணம் கொடுத்துவிடக் கூடாதா என்று.

"சாடியில தினம் ரெண்டு பேருக்குத்தான் ஊற வைக்கிறேன்" என்றாள். "அவரு கேக்கட்டும்."

அவர் கேட்பதில்லை.